தேக்கா சந்தையும் சாப்பாடும்: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டை ஒட்டி நிற்கும் தேக்கா நிலையத்தில் கீழ்த்தளத்திலேயே ஈரச்சந்தையும் உணவங்காடியும் இருக்கின்றன. மாடியில் துணிக்கடைகளும் தையற்கடைகளும். அங்கே வாங்குவது, சாப்பிடுவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அண்ணே, நான் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

எம்ஆர்டி ரயிலில் வந்தால் லிட்டில் இந்தியா நிலையத்தின் சி வாசல் வழியாக மேலே வாருங்கள், பக்கத்திலேயே தெரியும். மீன், கறி வாங்கக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போய்விட வேண்டும். நண்பகல் தாண்டினால் பல மேசைகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை பல மீன் கடைகளுக்கு ஓய்வு நாள். மீன் குழம்புக்குத் திட்டம் போட்டுவிட்டு அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா முழுவதும் கூட்டம், பையோடு நடப்பதே சிரமம். துப்புரவுக்காக இடையிடையே மூடுவதும் உண்டு. அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடும்.

வஞ்சிரம் கேட்டால் "பாத்தாங்கா?" என்கிறார்கள். ஒன்றுதானா? நல்ல மீனை எப்படிப் பார்ப்பது?

பாத்தாங் நம் வஞ்சிரம்தான், இங்கே மீன்களுக்கு மலாய்ப் பெயர்தான் வழக்கு. "தெங்கிரி பாப்பான்" என்பது அதே இனத்தில் புள்ளி போட்ட இன்னொரு மீன். கொடுவாவுக்கு "சியாக்காப்", வவ்வாலுக்கு "பாவால்", சங்கராவைப் போல் சிவந்திருக்கும் பெரிய மீனுக்கு "இக்கான் மேரா". மீன் தலைக் கறிக்குப் பெரும்பாலும் இதன் தலையைத்தான் கேட்பார்கள்.

முழு மீனென்றால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. பாத்தாங்கைத் துண்டாகத்தான் வாங்குவோம், அங்கே கண்ணும் செவுளும் உதவாது. வெட்டுமுகத்தைப் பாருங்கள். சதை இறுகிப் பளபளப்பாக இருந்தால் சரி. அடுக்கடுக்காகப் பிரிந்து, நடுமுள்ளை ஒட்டிய இரத்தம் கறுத்திருந்தால் அது பழைய மீன். வாலுக்கு அருகிலுள்ள துண்டு சிறியது, சீக்கிரம் வறண்டுவிடும். நடுத்துண்டு கேளுங்கள்.

வெட்டும் முன்னே என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். பொரிக்க ஒன்றரை சென்டிமீட்டர் கனம் போதும். குழம்புக்கு இரண்டரையாவது வேண்டும், இல்லாவிட்டால் கிளறும்போது உடையும். எடை போட்டு வெட்டிய பிறகு "கொஞ்சம் மெல்லிசாக" என்றால் கடைக்காரர் முகம் மாறும், அதில் தப்பும் இல்லை.

இந்த வெயிலில் மீனை வாங்கிக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள். முதலில் சாப்பாடு, பிறகு காய்கறி, கடைசியாக மீன்.

மட்டன் கறி ஒரு நாள் வெண்ணெய் மாதிரி வேகிறது, மறு நாள் ரப்பர். ஏன்?

ஒரு நாள் குட்டி ஆடு, மறு நாள் முற்றிய ஆடு வாங்கியிருப்பீர்கள். குட்டியின் கறி வெளிர்சிவப்பு, கொழுப்பு வெள்ளை. முற்றியது கருஞ்சிவப்பு, குழம்புக்குச் சுவையும் அதில்தான் அதிகம். குக்கரில் குட்டிக்கு மூன்று நான்கு விசில் என்றால் முற்றியதற்கு ஏழெட்டு ஆகும். இரண்டையும் கலந்து வாங்கினால் ஒன்று கரையும், ஒன்று வேகாது. குழம்புக்குத் தோள்பகுதி எலும்போடு, சுக்காவுக்குத் தொடை. தட்டில் இரத்தத் தண்ணீர் தேங்கியிருந்தால் உறைந்ததை இளக்கி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மறுபடி ஃப்ரீசரில் வைக்காமல் அன்றே சமையுங்கள்.

அரைத்த மசாலா விற்கும் கடையில் என்ன சொல்லி வாங்குவது?

"நூறு கிராம் மசாலா" என்று கேட்காதீர்கள். "ஒரு கிலோ கோழி, குழம்பு, காரம் மட்டாக, பிள்ளைகள் சாப்பிடும்" என்று சொல்லுங்கள். மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு என்று ஒவ்வொரு விழுதிலிருந்தும் அள்ளி, உங்கள் குழம்புக்கென்றே கட்டித் தருவார்கள். தேங்காய்ப்பால் ஊற்றுவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள், காரத்தின் அளவு அதைப் பொறுத்து மாறும். உப்பு கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

வீட்டில் கெடுவது ஓர் இடத்தில்தான்: விழுது பச்சையாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றுவது. வெங்காயம் வதங்கியதும் விழுதைப் போட்டு, சிறு தீயில், எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டால் எவ்வளவு கொதித்தாலும் பச்சை வாடை போகாது. மிச்ச விழுதை ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காமல் உறைய வைத்துவிடுங்கள்.

அக்கா ஒருவர்: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தண்ணீர்க் கடையில் "சியூ தாய்" சொன்னால் போதுமா?

போதாது அக்கா. வெறும் "தே" என்றால் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய தேநீர். "சியூ தாய்" என்றால் இனிப்பு மட்டாக, அது குறைக்குமே தவிர எடுத்துவிடாது. பால் வேண்டுமானால் "தே சி கோசோங்": இனிப்பில்லாத சுண்டிய பால், சீனி கிடையாது. பாலும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". காப்பிக்கும் இதே வாய்பாடு. "தே ஓ" மட்டும் சொன்னால் பால்தான் போகும், சீனி விழும்.

சைவம் சாப்பிடுபவர் எதில் ஏமாறுவார்?

பரோட்டாவில். "கோசோங்" என்றால் முட்டை இல்லாதது, ஆனால் மேலே ஊற்றும் குழம்பு மீனோ ஆடோ ஆக இருக்கலாம். பருப்புக் குழம்பு தனியாகக் கேளுங்கள். சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும். மலாய்க் கடைக் காய்கறிப் பிரட்டலில் நெத்திலி ஒளிந்திருக்கும்.

தட்டை விட்டுவிட்டுப் போனால் உண்மையிலேயே அபராதமா?

ஆமாம். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். முதல் முறை எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். கைத்தாள், எலும்பு எல்லாம் தட்டோடு போக வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு உண்டு, மாற்றி வைக்காதீர்கள். மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது குப்பையல்ல, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள்.

பேரம் பேசலாமா?

சாப்பாட்டில் கிடையாது. சந்தையில் இரண்டு மூன்று பொருள் வாங்கினால் காசைக் குறைப்பதைவிடக் கறிவேப்பிலை, மல்லித்தழை கேட்பது எளிது. பெரும்பாலும் சும்மா போடுவார்கள். விலைப்பலகையில் 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் பேநவ் பல கடைகளில் உண்டு. இருந்தாலும் பத்து வெள்ளி, இரண்டு வெள்ளித் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.