எங்கள் சபைக்கு யாரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பது?

புனித அசிசி பிரான்சிசின் மூன்றாம் சபையில், இன்றைய பெயரில் பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையில், அவர் காட்டிய வழியில் வாழ்வேன் என்ற உறுதிமொழியை, அதாவது வார்த்தைப்பாட்டை, நான் கொடுத்து 27 ஆண்டுகள் ஆகின்றன. மண்டலத் தலைவரின் பிரதிநிதியாகச் சென்று பல ஆலயப் பங்குகளில் தேர்தலை நடத்தியிருக்கிறேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் இந்தத் தேர்தலைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பங்கில் மற்ற சபைகளுக்கெல்லாம் ‘தலைவர்’ இருக்கிறார். நீங்கள் மட்டும் ஏன் ‘பணியாளர்’ என்று சொல்கிறீர்கள்?

சட்டநூலில் இருக்கும் லத்தீன் சொல் ‘மினிஸ்தர்’. ஊழியம் செய்பவர் என்று அதற்குப் பொருள். பேச்சில் நாங்களும் தலைவர் என்றுதான் சொல்கிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் வேரை மறக்கக் கூடாது. சகோதரர்களில் எவரையும் உயர்ந்தவர் என்ற பட்டத்தால் அழைக்க வேண்டாம், எல்லாரும் சிறிய சகோதரர்களே, ஒருவர் காலை ஒருவர் கழுவட்டும் என்று பிரான்சிஸ் 1221ஆம் ஆண்டு ஒழுங்கில், அதாவது சகோதரர்களுக்கான விதிநூலில், எழுதினார். அவருடைய அறிவுரைகளில் நான்காவது இன்னும் கூர்மையானது. கால் கழுவும் வேலை கிடைத்தால் ஒருவர் எவ்வளவு பெருமைப்படுவாரோ, பதவியைப் பற்றியும் அவ்வளவே பெருமைப்படலாம் என்கிறார். அந்த வேலை போவதைவிடப் பதவி போவதற்காக ஒருவர் அதிகம் கலங்கினால், அவர் தம் ஆன்மாவுக்கு ஆபத்தாகப் பணப்பையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்கிறார். தாமே அதைச் செய்தும் காட்டினார். 1220இல் பொறுப்பைத் துறந்து, சகோதரர் பீட்டர் கத்தானியிடம் ஒப்படைத்து, அவர் முன் தலைவணங்கிக் கீழ்ப்படிதலை வாக்களித்தார். சபையைத் தொடங்கியவரே இன்னொருவருக்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்தார்.

கேள்வி: எங்கள் பங்குத்தந்தை, உறுப்பினர் ஒருவரின் பெயரைச் சொல்லி, ‘இவரையே போடுங்கள்’ என்கிறார். மறுக்கலாமா?

மரியாதையோடு மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். 1978இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஏற்பளித்த சபை ஒழுங்கின் 21ஆம் எண், தலைவரையும் ஆலோசனைக் குழுவையும் வார்த்தைப்பாடு கொடுத்தவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. சபையின் ஒவ்வொரு கிளையையும் குழுமம் என்கிறோம். தேர்தலை நடத்துபவர் மேல்மட்டக் குழுமத்தின் தலைவர் அல்லது அவருடைய பிரதிநிதி. அவரும் தம் சொந்தக் குழுமத்தின் தேர்தலை நடத்த முடியாது. நம் ஆன்மிகத் துணைவரான குருவானவர் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர், ஆனால் தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை. பங்குத்தந்தையிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். நான் சந்தித்த குருக்களில் பெரும்பாலோர் சட்டத்தைக் கேட்டவுடன் ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: எனக்கு இன்னும் தற்காலிக வார்த்தைப்பாடுதான். வாக்களிக்கலாமா?

வாக்களிக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. அதற்கு நிரந்தர வார்த்தைப்பாடு வேண்டும்.

கேள்வி: தேர்தலுக்கு முன் உறுப்பினர்கள் பேசிக்கொள்வது தவறா? பேசாமல் போனால் நன்றாகப் பேசுபவரே வந்துவிடுகிறார்.

பேசுவது தவறில்லை, வாக்குச் சேகரிப்பதுதான் தவறு. முதலில் பெயர்களை விட்டுவிட்டு, அடுத்த மூன்று ஆண்டுகளில் நம் குழுமத்துக்கு என்ன தேவை என்று பேசுங்கள். முதிய உறுப்பினர்கள் வீட்டோடு முடங்கிவிட்டார்களா? புதிதாக யாரும் சேரவில்லையா? மாதக் கூட்டம் செபமாலையோடு முடிந்துவிடுகிறதா? தேவை தெளிவானால் பெயர் தானாக வரும்.

நான் நடத்திய ஒரு தேர்தலைச் சொல்கிறேன். 21 பேர் வந்திருந்தார்கள். வாக்குச் சீட்டுகளைப் போட ஒரு பிஸ்கட் டப்பா. இரண்டு பேர் எண்ணினார்கள். முதல் சுற்றில், மேடையில் அழகாகப் பேசும் ஆசிரியர் ஒருவருக்கு 9, தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவருக்கு 8, மற்றவர்களுக்கு 4. வெற்றிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 11 வேண்டும். இரண்டாம் சுற்று 10, 9, 2. அப்போதும் முடிவில்லை. மூன்றாம் சுற்று அதிக வாக்குப் பெற்ற இருவருக்கு இடையே மட்டும். சகோதரிக்கு 11, ஆசிரியருக்கு 10. இதிலும் சமமாக வந்தால், வார்த்தைப்பாட்டில் மூத்தவரே தேர்வாவார்.

அந்தச் சகோதரி எழுந்து, ‘எனக்குக் கூட்டத்தில் பேச வராதே’ என்றார். அன்று காலை நான் சற்று முன்னதாகவே போயிருந்தேன். பாய் விரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். தேநீர் முடிந்து எல்லாரும் கிளம்பிய பின் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, இரண்டு மாதமாக வராத ஒரு மூதாட்டியின் பேத்தியிடம், ‘பாட்டிக்குக் கால் வீக்கம் வற்றியதா?’ என்று விசாரித்தவரும் அவர்தான். குழுமத்தில் இதை யாரும் ‘தகுதி’ என்று எண்ணியதில்லை. அந்த ஆசிரியர், உறுப்பினர்களைச் சபை வாழ்வில் உருவாக்கும் பயிற்சிக்குப் பொறுப்பாளரானார். அவருடைய பேச்சுத் திறமைக்கு அதுவே சரியான இடம்.

யாருக்கு வாக்களிப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பொறுப்பு கொடுப்பதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள்.

கேள்வி: பெண் தலைவரா என்று எங்கள் பங்கில் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

1990 முதல் 2002 வரை இத்தாலியின் எமானுவேலா தெ நுன்சியோ, 2002 முதல் 2014 வரை ஸ்பெயினின் என்கார்னாசியோன் தெல் போசோ. இந்த இருவருமே உலக அளவில் சபையின் பொதுத்தலைவர்களாக இருந்தவர்கள். 24 ஆண்டுகள் உலகளாவிய சபையையே பெண்கள் வழிநடத்தியிருக்க, ஒரு பங்கின் குழுமத்தைப் பெண் ஒருவர் நடத்த மாட்டாரா?

கேள்வி: எங்கள் தலைவர் இரண்டு முறை இருந்துவிட்டார். நல்லவர். வேறு யாரும் முன்வருவதில்லை. அவரையே தொடரச் செய்யலாமா?

மூன்றாவது முறையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கதவு குறுகலானது. வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் முதல் சுற்றிலேயே கிடைக்க வேண்டும். 21 பேர் என்றால் 14. கிடைக்காவிட்டால் அவர் அத்துடன் விலகிக்கொள்ள வேண்டும். நான்காவது முறை தொடர வழியே இல்லை. பதவி முடியும் தலைவரை அப்படியே துணைத்தலைவராக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருவதில்லை.

இந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். ‘வேறு யாருமில்லை’ என்பது பெரும்பாலும், வேறு யாரையும் நாம் வளர்க்கவில்லை என்பதன் இன்னொரு பெயர். அவரே வாசகம், அவரே கணக்கு, அவரே நோயாளி சந்திப்பு என்று ஆறு ஆண்டுகள் போனால், மற்றவர்களுக்குக் கை எப்படிப் பழகும்? அடுத்த மாதமே கூட்டத்தை நடத்தும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தடுமாறட்டும், பரவாயில்லை.

கேள்வி: என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றால், பயத்தில் மறுத்துவிடலாமா?

மறுக்க உரிமை உண்டு. நீங்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே தேர்தல் உறுதிப்படுத்தப்படுகிறது. நோயோ, வீட்டில் கவனிக்க வேண்டியவர்களோ இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பயம் மட்டும்தான் காரணம் என்றால், அந்த இடத்திலேயே ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். தனியாகச் சற்று நேரம் செபிக்க அனுமதி கேளுங்கள். நான் நடத்திய தேர்தல்களில் அதை எப்போதும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: இடையில் தலைவர் இறந்துவிட்டால் மறுதேர்தலா?

இல்லை. மீதிக் காலம் முழுவதும் துணைத்தலைவரே பொறுப்பேற்பார். ஆகவே துணைத்தலைவருக்கும் தலைவருக்குப் போலவே யோசித்து வாக்களியுங்கள்.

கேள்வி: தேர்தல் முடிந்த பின் பழைய குழு என்ன செய்ய வேண்டும்?

உறுப்பினர் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு, கணக்குப் புத்தகம், அலமாரிச் சாவி ஆகிய நான்கையும் ஒரு வாரத்துக்குள் ஒப்படையுங்கள். என் பதவிக்காலம் முடிந்தபோது கணக்குப் புத்தகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் என் வீட்டிலேயே வைத்திருந்தேன். அடுத்து வந்த சகோதரர் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலிக்குப் பின் என் அருகில் வந்து நிற்பார், கேட்கத் தயங்கிப் போய்விடுவார். ஒருநாள் என் மனைவிதான் அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்து என் கையில் கொடுத்து, ‘இன்று கொடுத்துவிட்டு வாருங்கள்’ என்றாள். அன்று கொடுத்தேன்.