செல்லுக்குள் உயிர் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வுக்காகச் செல்லின் பாகங்களைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு, "அப்பா, சவ்வு என்பது கொழுப்பும் புரதமும். டிஎன்ஏ ஒரு வேதிப்பொருள். மீதியெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். இதில் எதற்குமே உயிர் இல்லை. அப்புறம் செல்லுக்கு மட்டும் உயிர் எப்படி வந்தது?" என்று கேட்டாள். நான் வணிகவியல் படித்தவன், பதில் தெரியவில்லை. உயிர் என்று தனியாக ஒரு சக்தி உள்ளே இருக்கிறதா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் மோதிக்கொண்ட கேள்வியை உங்கள் மகள் தானாகவே கேட்டிருக்கிறாள். மிகவும் சந்தோஷமாக இருந்தது.

தனிச் சக்தி எதுவும் இல்லை. செல்லைப் பிரித்துப் பிரித்துத் தேடினாலும் உயிருள்ள துண்டு என்று ஒன்று அகப்படாது. அந்தத் துண்டுகள் சேர்ந்து ஓயாமல் ஒரு வேலை செய்கின்றன. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் கலந்து ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வளர்வது, இரண்டாகப் பிரிவது எல்லாம் இது நடந்தால்தான்.

சமையலறையிலேயே இதைக் காட்டலாம். ஒரு பீட்ரூட்டைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் மீதியைக் கொதிக்கிற தண்ணீரிலும் போடுங்கள். பச்சைத் தண்ணீர் வெகுநேரம் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். மற்றது சில நிமிடங்களில் சிவந்துவிடும். சாயமும் அதேதான், துண்டுகளும் அதேதான். சூட்டில் சவ்வுகள் குலைந்துபோனதால் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

ஆனால் சவ்வு கிழியாமல் இருந்தால் மட்டும் போதாது. நம் செல்களுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சவ்வு வழியாக இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதைச் சரிசெய்யச் சவ்விலேயே பம்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதங்கள். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் கண்டறிந்தது இது. ரத்த வங்கிக் குளிர்பெட்டியில் இருக்கும் ரத்தத்தைப் பாருங்கள். குளிரில் பம்புகள் மந்தமாகிவிடுவதால், நாள் ஆக ஆகச் சிவப்பணுக்களுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே சேர்ந்துகொண்டே போகும். செல் உடையவில்லை, வேலைதான் சுணங்கியிருக்கிறது.

பம்பு ஓட ஆற்றல் வேண்டும். அதைக் கொடுப்பது ஏடிபி என்ற மூலக்கூறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1929இல் தசையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். எந்த நேரத்திலும் நம் உடலில் இருக்கும் ஏடிபி கொஞ்சம்தான். ஆனால் செலவழித்துச் செலவழித்துத் திரும்பச் செய்வதால், ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய நம் எடைக்கு வந்துவிடும்.

ஏடிபி பெரும்பாலும் தயாராவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பாகத்தில். பாடப்புத்தகம் அதை 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இருப்பதிலேயே அழகான விஷயம் அங்கேதான் நடக்கிறது. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் புரதங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேருகின்றன. நாம் மூச்சுவிடுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். அந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்கள் (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்) சவ்வின் ஒரு பக்கம் தள்ளப்பட்டுக் குவிகின்றன. மேட்டூரில் தேக்கிய தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்குகிற மாதிரி, குவிந்த புரோட்டான்கள் ஒரு புரதத்தின் வழியாகத் திரும்பி வருகின்றன. அந்தப் புரதம் நிஜமாகவே சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி. பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் 1961இல் இந்தப் புரோட்டான் கணக்கைச் சொன்னபோது பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது. 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தப் புரதத்தின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டிவிட்டு, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இந்த ஓட்டத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சயனைடுதான் உதாரணம். எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் சேரும் கடைசி இடத்தை அது அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், டிஎன்ஏ இருக்கும், புரதம் செய்யும் ரைபோசோம் இருக்கும். ஒரு பாகமும் காணாமல் போகவில்லை. ஆனாலும் நிமிடக்கணக்கில் மரணம். (மரவள்ளிக்கிழங்கிலும் சயனைடைத் தரும் பொருள் உண்டு. அதனால்தான் அதைத் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.) உயிர் எங்கே என்று கேட்ட உங்கள் மகளுக்கு இந்தச் சயனைடு உதாரணத்தை மட்டும் சொன்னாலும் போதும்.

அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று ஊகிக்க முடிகிறது: அப்படியானால் எல்லாப் பொருட்களையும் கலந்து செல் செய்துவிடலாமா? இதுவரை யாராலும் முடியவில்லை. 2010இல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் மொத்த டிஎன்ஏவையும் ஆய்வகத்தில் தயாரித்தது. ஆனால் அதை இயக்க, ஏற்கெனவே உயிரோடு இருந்த இன்னொரு பாக்டீரியாவுக்குள்தான் வைக்க வேண்டியிருந்தது. சவ்வும் பம்பும் ரைபோசோமும் அங்கே முன்பே ஓடிக்கொண்டிருந்தன. செல்லிலிருந்துதான் செல் வரும் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1855இல் எழுதியது இன்றும் நிற்கிறது.

அப்படியென்றால் முதல் செல்? அது இன்னும் தீராத கேள்வி. ஆழ்கடலில் காரத்தன்மையுள்ள வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே உயிர் எதுவும் இல்லாமலே புரோட்டான் ஏற்றத்தாழ்வு தானாக உருவாகும், உயிர் அங்கே தொடங்கியிருக்கலாம் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாதம், எதிர்ப்புகளும் பலமானவை. அதைத் தனியாக எழுதுகிறேன். அதற்குள் அவள் பீட்ரூட்டை உப்புத் தண்ணீரிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். என்ன நடந்தது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்