என்சிக்மேல் வராத கோபம்

அன்புள்ள ஐயா,

என் மகன் என்எஸ்ஸில், சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவையில், ராணுவத்தில் இருக்கிறான். பங்கில், அதாவது முகாமில் அவர்கள் தங்கும் அறையில், ஒரு ஜூனியரை அறைந்துவிட்டானாம், குற்றம் சாட்டி சார்ஜ் போட்டிருக்கிறார்கள். டிபிக்கு, அந்த ராணுவச் சிறைக்கு, அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தூக்கமில்லை, வாராவாரம் தண்டனையாக எக்ஸ்ட்ரா டியூட்டி, அவ்வளவு டென்ஷன். மன அழுத்தத்தில் கை ஓங்குவது குற்றமா? வீட்டில் ஈ எறும்பைக்கூட அடிக்காத பிள்ளை.

ஓர் அம்மா, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். டிபி பற்றிக் கேள்விப்பட்ட கதைகளை மறந்துவிடுங்கள்.

அழுத்தம் பொய்யில்லை. 2006இல் ஈராக்கிலிருந்த அமெரிக்க வீரர்களிடம் அவர்களுடைய ராணுவமே ஆய்வு நடத்தியது. மனநலச் சிக்கல் இருந்தவர்கள்தான் பொதுமக்களிடம் மோசமாக நடந்துகொண்டதாக அதிகம் ஒப்புக்கொண்டார்கள். சரி. ஆனால் ஒன்று சொல்லுங்கள், உங்கள் மகனுக்கு எக்ஸ்ட்ரா கொடுத்தது அந்த ஜூனியரா? கொடுத்தவரை ஏன் அறையவில்லை?

நான் பயிற்சி பெற்ற தேக்கோங் தீவில் எங்கள் பங்கில் ஒருவன் இருந்தான். துப்பாக்கி சுத்தம் செய்யும் நேரத்தில், சோனிப்பையன் ஒருவனின் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். கண்ணெல்லாம் சிவப்பு. அந்த நேரம் பார்த்து என்சிக், அதாவது எங்கள் வாரண்ட் ஆபீசர், உள்ளே வந்தார். காலரைப் பிடித்த அதே கை அதை நீவிவிட ஆரம்பித்தது. "குட் ஈவினிங், என்சிக்." குரலில் தேன்! தன்னை மறந்த கோபம் என்கிறோமே, அது ஆளைப் பார்த்துத்தான் வருகிறது. மேலே இருப்பவரிடம் பம்மும், கீழே இருப்பவன்மேல் பாயும்.

1968இல் வியட்நாமின் மை லாயில் அமெரிக்க வீரர்கள் சுட்டுக் கொன்றது யாரை? கிழவர்களை, பெண்களை, குழந்தைகளை. அதே நாள், அதே போர், ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் விமானிக்கு மட்டும் அழுத்தம் இல்லையா? அவர் தன் சொந்தப் படைக்கும் ஊர்மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். தன்னைவிட உயர்ந்த பதவியிலிருந்த லெப்டினன்டோடு மல்லுக்கு நின்றார். அவருடைய கோபம் மேல்நோக்கிப் போனது.

உடனே உங்கள் மகன் சார்ஜென்டை அடிக்க வேண்டும் என்கிறேனா என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். ராணுவம் பையன்களைக் கெடுக்கிறதா, திருத்துகிறதா என்ற பட்டிமன்றமும் வேண்டாம்.

தூக்கம் கெட்டிருப்பது உண்மையென்றால் ஆயுதப்படையின் 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசி இருக்கிறது. அவனே அழைக்கட்டும், அவனுக்காக நீங்கள் அழைக்காதீர்கள். முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்ததும் வயிறாரச் சோறு போடுங்கள். அப்புறம், அறை வாங்கிய பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.