சனிக்கிழம மட்டும் வேட்டை, மீதி நாள் கேமரா: கேளுங்க, சொல்றேன்

நான் காசிமேட்டு ஆளு, இப்போ அமெரிக்கால பென்சில்வேனியால வேலை. அங்க கோர்ஸ் முடிச்சு லைசென்ஸ் எடுத்து வில்லுல மான் வேட்டைக்குப் போறேன், வாரத்துல சனிக்கிழம ஒண்ணுதான் கெடைக்கும். மீதி நாள் எனக்கு பதிலா காட்டுல மரத்துல கட்டி வெச்ச கேமரா பாத்துக்கும், முன்னாடி எது தாண்டுனாலும் தானா படம் புடிக்கும். லீவுக்கு வந்தப்ப நம்ம ஏரியா பசங்க கேட்டதும் என் பதிலும் கீழ.

கொருக்குப்பேட்டை தம்பி: ஒரே நாள்தான் டைம்னா கேமரா எதுக்குண்ணா, நேரா போய் உக்காந்துட வேண்டியதுதான?

எங்க நைனா காத்து, நீவாடு (கடல் நீரோட்டம்) பாக்காம போட்ட தள்ள மாட்டாரு தம்பி, அதே கததான். கேமரா மான காட்டுறத விட எங்க போவ வேணாம்னு சொல்றதுதான் பெரிய வேலை. நான் நாலு எடத்துல கட்டுனேன், மூணுல எல்லாமே ராத்திரி 1 மணி 2 மணி படம், அங்க உக்காந்து இன்னா பண்றது, ராத்திரில அடிக்க சட்டம் விடாது. நாலாவதுல காலைல 7.40க்கு நல்ல வெளிச்சத்துல கொம்பன், அதான் கொம்பு வெச்ச ஆம்பள மான், நடந்து போறான். அந்த ஒரு படம் போதும்.

அதே தம்பி: எங்கண்ணா கட்டணும்?

தீனி திங்கிற எடத்துக்கும் படுக்குற எடத்துக்கும் நடுவுல வழி எங்க ஒடுங்குதோ அங்க. ஓடைய தாண்டுற எடம், வேலி தாழ்ந்த எடம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நின்னா ஊரே உன்ன தாண்டித்தான போவணும், அந்த மாதிரி. இடுப்பு ஒயரம், வழிக்கு நேர் குறுக்க வெக்காம சாய்வா வெய்யி, இல்லாட்டி கேமரா முழிக்கறதுக்குள்ள மான் தாண்டிடும். வடக்க பாத்து வெச்சா வெயில் கண்ண குத்தாது. முன்னாடி ஆடுற புல்ல வெட்டிடு, மொத தபா நான் வெட்டல, கார்டு ஃபுல்லா புல்லு படம்.

எண்ணூர் அக்கா: வாரா வாரம் போய் கார்டு எடுக்கணுமாப்பா?

வேணாங்க்கா, அதுலதான் நெறைய பேரு கெடுத்துக்கிறாங்க, நம்ம வாடை பட்டா கொம்பன் வழிய மாத்திடுவான் இல்லன்னா ராத்திரிக்கு மாறிடுவான். மூணு வாரத்துக்கு ஒரு தபா, மதியானமா, ரப்பர் பூட்ஸ் போட்டுகினு, மழைக்கு முன்னாடி போனா இன்னும் நல்லது. போனுக்கே படம் அனுப்புற செல்லுலார் கேமரா இருக்கு, மாசா மாசம் காசு புடுங்கும், ஆனா என்ன மாதிரி ஆளுக்கு அது லாபம். சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறக்கா, அரிசோனால 2022 ஜனவரிலேர்ந்து வேட்டைக்கு கேமராவே கூடாது.

தண்டையார்பேட்டை மச்சி: பேட்டரி?

லித்தியம். குளிர்ல சாதா பேட்டரி படுத்துரும்.

ராயபுரம் தம்பி: லீவு எப்ப போடலாம்?

நவம்பர் நடுவுல. அப்ப ஜோடி சேர்ற சீசன், பொட்டைய தேடி பகல்லயே சுத்துவான். கேமரால தேதி, டைம் சரியா போட்டியான்னு பாத்துக்கோ, நான் ஏஎம் பிஎம் மாத்தி வெச்சுட்டு சாயங்காலம் வர்ற மானுக்கு ஒரு சனிக்கிழம காலைல பூரா மரத்து மேல நடுங்கிகினு இருந்தேன்.

வியாசர்பாடி தம்பி: நம்ம ஊர்ல?

வேட்டை பேச்சே எடுக்காத, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, உள்ள போயிடுவ. காட்டுல சும்மா கேமரா கட்டக்கூட வனத்துறை பர்மிஷன் வேணும். 2018 புலி கணக்கெடுப்புல அவங்களே 26,838 எடத்துல கேமரா வெச்சாங்க. சொந்த தோட்டம் இருந்தா கட்டு, கீரி, மரநாய் மாட்டும்.

மச்சி: கறி எப்டி இருக்கும்டா?

கொழுப்பே இருக்காது, வறண்டுடும். வீட்ல மொளகு தூக்கலா போட்டு வறுப்பாங்க. பார்சல்லாம் கேக்காத.