பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. குறைமாதத்தில் பிறந்தவள். விழித்திரை பாதிக்கப்பட்டதால் வெளிச்சத்தை மட்டுமே உணர்கிறாள். எந்நேரமும் முன்னும் பின்னும் ஆடுகிறாள், விரலால் கண்ணை அழுத்துகிறாள். தொலைபேசியில் பாட்டுப் போட்டால்தான் அமைதியாகிறாள். இசைச் சிகிச்சையால் பார்வை திரும்பும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
- ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: சகோதரி, இசையால் பார்வை திரும்பாது. திரும்பும் என்று சொல்லிப் பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விழித்திரையின் இரத்தக்குழாய்கள் முறைதவறி வளர்ந்து உண்டான சேதத்தை எந்த இராகமும் ஆற்றாது. கண் கிளினிக்கையும் விட்டுவிடாதீர்கள். விழித்திரை கழல்வதும் கண்ணின் அழுத்தம் கூடுவதும் ஆண்டுகள் கழித்தும் வரலாம். காதையும் முறையாகப் பரிசோதியுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குச் செவித்திறன் குறையும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகளுக்கோ காதுதான் வழித்துணை.

அதனால்தான் அந்தத் தொலைபேசி எனக்குக் கவலை தருகிறது. உங்கள் காலடிச் சத்தம், கிணற்றடியில் வாளி மோதும் ஒலி, படலை திறக்கும் ஓசை ஆகியவற்றைக் கொண்டுதான் வீடு எப்படி இருக்கிறது என்பதை அவள் அறிந்துகொள்கிறாள். நாள் முழுவதும் பாட்டு ஓடினால் அவை எல்லாம் அதில் மூழ்கிவிடும்.

ஆடுவதற்காகத் திட்டாதீர்கள். பார்வையுள்ள பிள்ளையை ஒரு முகமோ நிறமோ இழுத்துத் தவழவும் ஓடவும் வைக்கிறது. அந்த இழுப்பு இவளுக்கு இல்லை. உடல் கேட்கும் அசைவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறாள். கண்ணை அழுத்தும் விரல்களுக்கும் வேறு வேலை வேண்டும். இரண்டு சிரட்டைகளைத் தட்டக் கொடுங்கள். ஊரில் கூத்துப் பழகும் இடமிருந்தால் கூட்டிச் செல்லுங்கள். மத்தளத்தின் தோலில் கைவைத்து அதன் அதிர்வை உணரட்டும். அவள் கையைப் பற்றி இழுக்காமல், உங்கள் கையை அவள் கைக்குக் கீழே வைத்து வழிகாட்டுங்கள். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல், தானும் பார்வையற்றவர், தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்து முறையில் இசைக்கும் இடமிருந்தது. நாளை அந்தப் புள்ளிகளைப் படிக்கப்போகும் விரல்கள் இன்றே பழக வேண்டும்.

குளிக்க ஒரு பாட்டு, உண்ண ஒரு பாட்டு, உறங்க ஒரு பாட்டு என்று மாறாமல் வைத்திருங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். பாடகியாக வேண்டும் என்ற சுமையை மட்டும் இப்போதே ஏற்றாதீர்கள். பார்வை இல்லாத எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை வரம் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் செய்யும் ஒரு வேலையை நீங்களும் இன்றே தொடங்கலாம். மகளை மடியில் வைத்து ஊஞ்சலில் ஆடியபடி, அவளுக்குப் பிடித்த ஊஞ்சல் பாட்டைப் பாடுங்கள். பாதி அடியில் பாட்டையும் ஊஞ்சலையும் நிறுத்துங்கள். அவள் அசையாமல் இருந்தால் விருப்பமில்லை என்று நினைக்காதீர்கள். பார்வையற்ற பிள்ளைகள் உற்றுக் கேட்கும்போது அப்படித்தான் உறைந்துபோவார்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு முனகலோ, காலின் ஓர் உதைப்போ, உங்கள் கையில் ஒரு தட்டோ வரும். அது வந்தவுடன் மீதி அடியைப் பாடுங்கள்.