வாய் சொல்லும் அடையாளம்

கேள்வி: நாயின் காதிலிருந்து எடுத்த பொடி உண்ணிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முதுகில் தகடு தெரிகிறது. வாயை வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு, genus) வரை தாராளமாகச் சொல்லலாம். முதலில் கால்களை எண்ணுங்கள். ஆறு என்றால் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வந்த முதல் பருவம்; எட்டு இருந்தும் வயிற்றுப்புறம் இனப்பெருக்கத் துளை இல்லையென்றால் நிம்ஃப், அதாவது அதற்கடுத்த இளம் பருவம். அப்புறம் வாயுறுப்புகள் முளைக்கும் அடிப்பகுதியை மேலிருந்து பாருங்கள். இரு பக்கமும் கூராக நீண்டு அறுகோணம் போலிருந்தால் ரைபிசெஃபாலஸ். நாய்களில் அடிக்கடி கிடைப்பது இதுதான். அடிப்பகுதி செவ்வகமாகி, பக்கத்துப் பால்ப்கள் (வாயின் இருபுறமும் உள்ள உணர் உறுப்புகள்) குட்டையாக வெளியே புடைத்திருந்தால் ஹீமாபைசாலிஸ். பால்ப்கள் நீளமாக இருந்தால் இக்சோடஸா ஆம்ப்ளியோமாவா என்று பாருங்கள்: இக்சோடஸுக்குக் கண் கிடையாது, குதத்துக்கு முன்னால் வளைந்த பள்ளம் ஓடும்.

நடுவில் அரம் போல நீட்டியிருக்கும் ஹைப்போஸ்டோமின் பல்வரிசையை மட்டும் நம்ப வேண்டாம். லார்வாக்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு வரிசைதான். பல பேரினங்களுக்கும் அதே கணக்கு. அதுவும், உண்ணியைப் பிய்த்து எடுத்தால் அந்த ஹைப்போஸ்டோமே தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும். நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள்.