ஊழிய ஆசிரியராகத் தான்சானியா போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் பொறையாறுக்காரன். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் ஒரு திருச்சபைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த அதே ஜெர்மன் லைப்சிக் மிஷன்தான் 1893-இல் அந்த மலைக்கும் போனது. தெரிந்ததைச் சொல்கிறேன். டிக்கெட் விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மயிலாடுதுறை, இயற்பியல் ஆசிரியை: ஜூனில் வந்து சேரச் சொல்கிறார்கள் சார். வகுப்பு எப்படி இருக்கும்?

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும் அம்மா. ஜூனில் போனால் யாரோ பாதியில் விட்ட பாடம்தான் உங்கள் கைக்கு வரும். எந்த வகுப்பு, எதுவரை நடந்திருக்கிறது என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் படித்துவிட்டு வருகிறார்கள். முதல் ஃபாரத்தில், அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், கால் வைத்ததும் எல்லாம் இங்கிலீஷ். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "யெஸ் மேடம்" என்னும். நம்பாதீர்கள். கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், அப்போது தெரியும்.

அப்புறம் நேரம். சுவாஹிலிப் பேச்சில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழுதான் அவர்களுக்கு ஒரு மணி. "எட்டு மணிக்குக் கூட்டம்" என்று சுவாஹிலியில் சொன்னால் மத்தியானம் இரண்டு மணிக்கு என்று அர்த்தம். ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

பெரியவர்களுக்கு "ஷிகமூ" என்று வணக்கம் சொல்லுங்கள், "மரஹபா" என்று பதில் வரும். வீட்டில் எல்லோரும் சுகமா, ராத்திரி தூங்கினீர்களா என்று விசாரித்த பிறகுதான் காரியம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் "சாக்பீஸ் எங்கே?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. சமையற்கார அம்மாவையும் விட்டுவிடாதீர்கள்.

நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டதா? அதைச் சொல்லவே இல்லையே.

திருவாரூர்: அரிசி கிடைக்குமா?

கிடைக்கும். அங்கேயே விளைகிறது. விடுதியில் பெரும்பாலும் உகாலி, அதாவது மக்காச்சோள மாவுக் களி. பழகிவிடும்.

கும்பகோணம்: காபி இல்லாமல் எனக்கு ஓடாது.

நீங்கள் போவதே காபித் தோட்டத்துக்குள். அந்த மலையின் சக்கா மக்கள் வாழை நிழலில் அராபிகா பயிரிடுகிறார்கள். ஃபில்டரை மட்டும் எடுத்துப் போங்கள். அந்த மலைச்சரிவில் அவர்கள் முன்னோர் வெட்டிய வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், முறை தவறினால் சண்டையும் உண்டு. டெல்டாக்காரன் ஒருநாள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம்.

நாகப்பட்டினம், நர்ஸ்: என்ன தடுப்பூசி?

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். விமானம் நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் அந்த வழியே திரும்பினால் நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியாவுக்குக் கொசுவலையும் டாக்டர் சொல்லும் மாத்திரையும். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிய பின் வந்தாலும், ஆப்பிரிக்காவில் இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மன்னார்குடி: முதலில் விசிட்டர் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

போகாதீர்கள் தம்பி. வேலை அனுமதி வேறு, குடியிருப்பு அனுமதி வேறு. இரண்டுக்கும் நிர்வாகம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பிடிபட்டால் மாட்டுவது நீங்கள். நியமனக் கடிதம் இல்லாமல் பெட்டி கட்டாதீர்கள்.

தரங்கம்பாடி: சீகன்பால்கு எட்டு மாதத்தில் தமிழில் பேசினார். சுவாஹிலிக்கு ஒரு வருஷம் ஆகும் என்கிறார்களே, எதற்கு?

அவர் டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் பாதிரியார். 1706 ஜூலையில் உங்கள் ஊர்க் கரையில் இறங்கினார். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். வாரம் முழுக்கப் பாடம் எடுத்துவிட்டு, விடைத்தாளும் திருத்தும் உங்களுக்கு அந்த நேரம் ஏது?

திருவையாறு: அவரையே ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? வீரமாமுனிவர் அல்லவா முன்மாதிரி? தமிழில் காப்பியமே பாடியவர்.

வந்துவிட்டதா! சரி, பேசிவிடுவோம். முனிவர் இருந்த ஏலாக்குறிச்சியும் சீகன்பால்கு இருந்த தரங்கம்பாடியும் அப்போதே மோதிக்கொண்டவைதான். லுத்தரன்களை, அதாவது சீகன்பால்குவின் சபையாரை, கண்டித்து முனிவர் எழுதியிருக்கிறார். புலமையில் அவருக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியாருக்குக் காப்பியம் எதற்கு? 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவரிடம்தான் நான் பாடம் கேட்பேன்.

திருவையாறு: அவர் மதம் மாற்ற வந்தவர், பாடம் சொல்ல அல்ல.

இரண்டுக்கும்தான் வந்தார். ஆனால் இதையும் பாருங்கள். தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை இங்கே பரப்ப அல்ல என்று ஜெர்மனியின் ஹாலே நகரில் மிஷன் வேலையைக் கவனித்த பிராங்கே ஒதுக்கிவிட்டார். அச்சேறியது 1867-இல், நம் சென்னையில். அதற்கு முன்பே 1708-இல் தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி சீகன்பால்குவைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தார். அடைத்தது தஞ்சாவூர் ராஜா இல்லை, அவருடைய சொந்த ஆட்கள். புதிதாகப் போகிறவர்கள் ஊர்க்காரர்களை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஊர்க்காரர் களியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பார். தொல்லை நிர்வாகத்திலிருந்தும் பக்கத்து அறை ஊழியரிடமிருந்தும்தான் வரும். நான் கடிதம் கடிதம் என்று கத்துவது அதனால்தான்.

சீர்காழி: அப்படியானால் வகுப்பில் பிரசங்கம் செய்யலாமா?

இயற்பியல் நேரத்தில் இயற்பியல். அந்தப் பிள்ளைகள் அரசுப் பொதுத்தேர்வு எழுத வேண்டும். சரிவுப் பக்கம் பாதி வீடுகளில் பாட்டன் காலத்திலிருந்தே லுத்தரன்கள். நீங்கள் போய்ச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

தரங்கம்பாடி: சுவார்ட்ஸ் பாதிரியாரை விட்டுவிட்டீர்களே!

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். அவர் கப்பல் ஏறுமுன்பே ஹாலேயில் தமிழ் படித்துவிட்டார். 1750-இல் இங்கே வந்தவர், அந்த வருஷமே தமிழில் பிரசங்கம் செய்தார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்: சுவாஹிலியை இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள். திருவையாற்றுக்காரரே, உங்கள் அடுத்த இரண்டு கேள்விகளும் இதே சண்டைதான். விட்டுவிடுகிறேன்.

பட்டுக்கோட்டை: பொன்னி அரிசி கிடைக்குமா?

மேலே படியுங்கள்.

வேதாரண்யம்: அரிசி எவ்வளவு கிலோ கொண்டுபோகலாம்?

விமானக் கம்பெனியைக் கேளுங்கள். ஊறுகாயை மட்டும் நெகிழிப் பையில் சுற்றாதீர்கள். 2019 ஜூனிலிருந்து அங்கே கேரி பேக் தடை. இறங்கியதும் வாங்கி வைத்துவிடுவார்கள். துணிப்பை போதும்.

தஞ்சாவூர்: நியமனக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் ஐயா?

இதை முதல் ஆளே கேட்டிருக்கலாம். சம்பளம் தருவது யார், திருச்சபையா பள்ளியா, எந்தப் பணத்தில். தங்குமிடத்துக்கு வாடகை உண்டா. வாரத்துக்கு எத்தனை பீரியட், அதற்கு மேல் விடுதிப் பொறுப்பும் உண்டா. அனுமதிக் கட்டணம் யார் செலவு. நோய் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் கட்டுவது. பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கும் என்று ஒரு வரி. வீட்டில் துக்கம் என்றால் திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பது. கடைசியில் தேதி, கையெழுத்து, முத்திரை. ஒரு நகல் அப்பா அம்மாவிடம் இருக்கட்டும்.